கோவளத்துக்கு ரூம் போடுகிறார்கள்

கம்பத்துத் திராட்சைத் தோட்ட வீட்டில், உமாதேவியின் மாமனார் முதல் பேரப்பிள்ளைகள் வரை எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். கோவளத்து ரிசார்ட்டின் படம் ஓடுகிறது. கடலின் நீல வெளிச்சம் எல்லோர் முகத்திலும் அசைகிறது. ரிசார்ட்டோடு பேசிக்கொண்டிருக்கும் கொழுந்தன் வினோத்ராஜ், போனை நெஞ்சில் பொத்திக்கொண்டு மாமனாரிடம் சொல்கிறான்: "அப்பா, மதினியும் புள்ளைகளும் ஒரு ரூம். அண்ணே என்கூடப் படுக்கட்டும். கொடைக்கானல்ல மதினிய அடிச்சது லாட்ஜ் பூராம் கேட்டுச்சு." உமாதேவியின் கணவன் பாண்டீஸ்வரன் எழுந்து, மர ஸ்டூலைத் தூக்கித் தம்பியின் மண்டையில் இறக்குகிறான். டிவி மேல் ரத்தம் தெறிக்கிறது. விழுந்தவனின் நெஞ்சில் ஏறி மிதிக்கிறான். "ஏலே, விடுறா, செத்துருவான்!" மாமனார் அலறியபடி மூத்தவனை இடுப்போடு கட்டி இழுக்கிறார். பிள்ளைகள் வீறிடுகின்றன. தரையில் கிடக்கும் போனில் ஒரு பெண் "ஹலோ சார், ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். உமாதேவி மண்டியிட்டு, முந்தானையைச் சுருட்டிக் கொழுந்தனின் நெற்றியில் அழுத்துகிறாள். அது சூடாக நனைகிறது. மறுகையால் போனை எடுக்கிறாள். கணவனின் கண்ணைப் பார்த்தபடியே பேசுகிறாள்: "நாங்க வாரோம்மா. ஒரு ஆள மட்டும் கழிச்சிருங்க. எம்புருசன் வரல."