பாறைவரைக்கும் நீந்து

மொரேயா தீவின் காயலில் மனுதெயாவின் படகு நின்றது. அன்று அதில் வந்த பயணி தெய்க்கி ஒருவன்தான். முகமூடியும் மூச்சுக்குழாயுமாகத் தண்ணீரில் கிடந்தவன், மூன்றாவது முறையும் திணறிக்கொண்டு தலையைத் தூக்கினான்.

"மீனைப் பார்த்தியா?"

"தண்ணியைத்தான் குடிச்சேன். போதும், ஏத்திவிடுங்க."

மனுதெயா ஏணியை மேலே இழுத்துக்கொண்டான். "அந்தப் பாறைவரைக்கும் நீந்திட்டு வா. அப்புறம் ஏறலாம்."

"என்னைக் கொல்லத்தான் தனியா கூட்டிட்டு வந்தீங்களா?"

"அந்த ஆசையும் இருக்கு. நீந்து."

தெய்க்கி வைதுகொண்டே போனான். பாதியில் முங்கினான், இருமினான். எப்படியோ பாறையைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். மனுதெயா ஏணியை இறக்கினான், கை கொடுக்கவில்லை.

"உங்களை விட்டுட்டு வந்தவ என்னைக் கட்டிக்கிறா. அந்த ஆத்திரம் இப்பவாச்சும் தீர்ந்துச்சா?"

"அது தீராது." மனுதெயா இன்ஜினைக் கிளப்பினான். "அடுத்த வாரத்திலேர்ந்து என் பொண்ணும் உன் வீட்டுலதான் இருப்பா. கடலைக் கண்டா யோசிக்காம குதிச்சிடுவா. அவ பின்னாலயே குதிக்க அங்க நான் இருக்க மாட்டேன்."

தெய்க்கி முகமூடியைக் கழற்றினான்.

"நாளைக்கும் வந்துடு" என்றான் மனுதெயா, அவன் முகத்தைப் பார்க்காமல்.