சூடா, சாதாவா

வண்டி கழுவும் திறந்த கொட்டகையில் வெஸ்லி, கழுவும்போது நனைந்த சட்டையோடு தன் டிரக்கை ஒட்டி நடுங்குகிறான். கனடாவின் சாஸ்கட்டூனில் மைனஸ் இருபத்தைந்து டிகிரி. போன ஜனவரியில் இதே குளிரில்தான் மனைவி டாரீனை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினான். இங்கே உலர்த்த இருக்கும் ஒரே காற்றுக்குழாய் இப்போது அவள் கையில். எப்போதோ காய்ந்துவிட்ட தன் கார்ச் சக்கரத்தின் ஒவ்வொரு நட்டுக்கும் நிதானமாக ஊதுகிறாள்.

“சீக்கிரம் விடுடி, கதவு உறையுது.”

“இருடா, என்ன அவசரம்?”

வெஸ்லி டிரக்கின் கைப்பிடியை இழுக்கிறான். கதவு பனியில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கழற்றி வைத்த கோட்டு உள்ளே கிடக்கிறது. அவள் குழாயை அவன் பக்கம் திருப்புகிறாள். சுவரில் சிவப்பும் நீலமுமாக இரண்டு பொத்தான்கள்.

“சூடா வேணுமா, சாதாவா?”

“சூடு, டாரீன்... கெஞ்சிக் கேக்கறேன்.”

“நானும் அன்னைக்குக் கெஞ்சினேன்.”

சிவப்புப் பொத்தானைத் தடவிப்பார்த்த அவள் விரல் நீலத்தை அமுக்குகிறது.