தார்க் குறி

பூவம்மா வீசியெறிந்த சாணி அழகப்பனின் தோளில் விழுந்து சட்டையோடு வழிந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தூரிகையை வாளியில் முக்கி, அவள் வீட்டுக் கதவில் தாரால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"நீயெல்லாம் மனுசனாய்யா? எருமைங்களை இழுத்துக்கிட்டு நான் எங்கய்யா போவேன்?"

"பொங்கல் முடிஞ்சு இடிக்க வருவாங்கம்மா. அதுக்குள்ள இடம் பாத்துக்கங்க."

நூறு தடவை சொன்ன பேச்சைப் போல அதைச் சொல்லிவிட்டு, அழகப்பன் அடுத்த வீட்டுக்கு நடந்தார். ரோடு போடும் கூலிகளுக்கு அவர்தான் மண்டோர். ஆட்களை வேலை வாங்குகிறவர், துரையிடம் நேரில் நின்று பேசக்கூடியவர். அதனாலேயே இந்த வேலையும் அவர் தலையில் விழுந்தது.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால், வாய்க்காலை ஒட்டி வரிசையாக நிற்கும், அத்தாப்பு ஓலை வேய்ந்த வீடுகள் அத்தனையும் போகப் போகின்றன. அங்கே பூங்கா வருகிறது. நடுவில் பேண்டு வாசிக்க ஒரு மேடை, சுற்றிலும் பூச்செடிகள், வாய்க்கால் ஓரமாகத் துரைமார் சைக்கிள் விடுவதற்கு ஒரு செம்மண் பாதை.

பூங்காக் கமிட்டி வைத்த விருந்தில் பெரிய வியாபாரிகள் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு நன்கொடை எழுதினார்கள். அப்படியும் துண்டு விழுந்தது. அதைச் சரிக்கட்ட ரோட்டு வேலைக்காரர்களின் சம்பளத்தில் ஆளுக்குக் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள். அழகப்பனுக்கும் பிடித்தார்கள். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த வீட்டு வாசலை ஆட்டு வியாபாரி அப்துல் அலீம் மறித்து நின்றார். கையில் ஆடு ஓட்டும் கம்பு.

"மண்டோரே, என் மக நிக்காஹ்வுக்குப் பந்தல் போட்ட கை இது. இந்தக் கையாலதானா தாரும் பூசணும்?"

"கொஞ்சம் தள்ளிக்கங்க பாய். கைலியில பட்டுடும்."

"பாதையை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வளைச்சுக் கொண்டு போனா என்ன? துரைகிட்ட சொல்றதுதானே?"

"சொல்லிப் பாத்தேன். சைக்கிள் பாதை நேராத்தான் போகணுமாம். வளைஞ்சா துரைசானிங்க விழுந்துடுவாங்களாம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

அலீம் நகர்ந்தார். கதவில் குறி விழும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"எல்லா வீட்டுக்கும் போடுவீங்களா?"

"போடுவேன்."

"கடைசி வரைக்கும்?"

அழகப்பன் அப்போதுதான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "கடைசி வரைக்கும்."

"அதையும் பாத்துடுவோம்" என்றார் அலீம்.

அதன்பிறகு அவர் வீட்டுக்குள் போகவில்லை. கம்பும் கையுமாக அழகப்பனின் பின்னாலேயே வந்தார். பூவம்மா சேர்ந்துகொண்டாள். குறி விழ விழ அந்தந்த வீட்டுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரும் ஏசவில்லை. வெயிலில் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

அழகப்பனுக்குப் பயமாக இல்லை. எதுவுமாகவும் இல்லை. காலையிலிருந்து மென்ற வெற்றிலையின் காரம்கூட நாக்கில் ஏறவில்லை. முக்கினார், இழுத்தார், நடந்தார். யாரோ ஒரு கிழவர் காலில் விழுந்தபோது, அவரைத் தூக்கி ஓரமாக உட்கார வைத்துவிட்டு அவர் கதவிலும் போட்டார். மறுபடி முக்கினார்.

வரிசையின் கடைசி வீடு வந்தது. பின்னால் வந்த கூட்டம் அப்படியே நின்றது.

அந்த வாசலை யாரும் வந்து மறிக்கவில்லை. கதவு சாத்தியிருந்தது. உள்ளே தாளிக்கும் வாசனை. அழகப்பன் தூரிகையை முக்கினார். வாளியின் விளிம்பில் வழித்தார். மறுபடியும் ஒரு தடவை வழித்தார்.

பிறகு போட்டார். மற்ற கதவுகளில் போட்ட அதே அளவு, அதே குறி.

அலீமின் கம்பு கீழே இறங்கியது. பூவம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரி கதவைத் திறந்தாள். முதலில் கூட்டத்தைப் பார்த்தாள். அப்புறம் கதவைப் பார்த்தாள். ஈரத் தாரை விரலால் தொட்டு, அந்த விரலைப் பார்த்தாள்.

"எப்ப இடிப்பாங்க?"

"பொங்கல் முடிஞ்சு."

"வேற இடம் ஏதாச்சும் குடுப்பாங்களா?"

"கேட்டேன். இல்லைன்னுட்டாங்க."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"போன மாசமே."

தார் படிந்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அழகப்பனின் கையிலிருந்த வாளியை வாங்கிச் சுவரோரமாக வைத்தாள்.

"கையைக் கழுவிட்டு வாங்க, உங்க பிள்ளைங்க இன்னும் சாப்பிடல."