எட்டுக் குமிழ்க் கல்

21 நவம்பர் 2025, வெள்ளி. காலை.

இன்றைய தவறு: எட்டுக் குமிழ்ச் சிவப்புக் கற்கள் மூன்றை ஆறு குமிழ் டப்பாவில் போட்டிருக்கிறேன்.

போட்டதாக நினைவில்லை. ஆனால் டப்பாக்களைத் தொடுவது நான் மட்டும்தான்.

இந்த மாதத்தில் இது பதினோராவது.

டைப்ரைட்டிங் மாஸ்டர் சொல்லித்தான் இந்தத் தவறு நோட்டைத் தொடங்கினேன். எந்த விரல் எந்த எழுத்தில் வழுக்குகிறது என்று தினமும் எழுதினால் தவறு தானாகக் குறையும் என்றார். தட்டச்சில் குறைந்தது. கல்லில் குறையவில்லை.

கல் என்றால், மேலே குமிழ் குமிழாக இருக்கும், ஒன்றன்மேல் ஒன்று செருகிக் கட்டடம் கட்டும் பிளாஸ்டிக் கல். பெட்டியின் மேல் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று போட்டிருக்கும். எனக்கு இருபத்து மூன்று. இருந்தாலும் கூரியர்காரர் குழந்தைக்கா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்கிறேன்.

இ-சேவை மையத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு நான்கு பெட்டிகள் வாங்கினேன். மூன்றைக் கட்டி முடித்து பீரோ மேல் வைத்திருக்கிறேன். நான்காவது, ஒரு மூன்று மாடிக் கட்டடம். காலையில் அரை மணி நேரம் மட்டும் கட்டுவேன். இப்போது விளக்கப் புத்தகத்தில் 84-ஆம் பக்கம். தரைத்தளமே இன்னும் முடியவில்லை.

தவறுகளில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சனி, ஞாயிறு மாலையில் டைப்ரைட்டிங் வகுப்பு கிடையாது. அவற்றுக்கு மறுநாள் காலையில் தவறும் கிடையாது.

காரணம்: வகுப்பின் களைப்பு. கவனக்குறைவு.

அம்மாவும் முதல் பெட்டி வந்த அன்றே கேட்டுவிட்டாள். அம்மா சித்தாள். இருபது வருடமாகச் செங்கல் சுமக்கிறாள்.

"நாளெல்லாம் கல்லு சொமந்துக்கினு வரேன் வாணி. வூட்லயும் கல்லா?"



பிப்ரவரியில் டைப்ரைட்டிங் பரீட்சை. எனக்கு இந்தக் கல் சரிப்படாது. நாளை, கூட வேலை செய்யும் சரத்குமார் வந்து நான்கு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு போகிறான்.

அதே நாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின்.

கல்வராயன் மலைப் பக்கம் மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. மலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று, மாஸ்டர் ஆறரைக்கே வகுப்பை விட்டுவிட்டார். எப்போதும் எட்டு மணிக்குத் திரும்புகிறவள், ஏழுக்கு முன்பே ஏமப்பேரில் எங்கள் தெருவில் இருந்தேன்.

ஜன்னல் திறந்திருந்தது.

அம்மா, வேலைக்குப் புடவை மேல் போட்டுப் போகும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே பக்கத்து வீட்டு செந்தமிழ்ச்செல்வி அக்கா. அவரும் சித்தாள்தான். நடுவில் என் கட்டடம்.

"இன்னா செல்வி, வேடிக்க பாத்துக்கினு குந்திகினுகீற? எட்டுக் குமிழு கல்லு எடு. கலவ காயுது."

"டீக்கு எப்ப வுடுவீங்க மேஸ்திரி? நேத்தும் வுடல."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கட்டட வேலையில் பெண்ணின் கையில் கரண்டி கொடுக்க மாட்டார்கள். கலவை குழைக்கலாம், கல் எடுத்துக் கொடுக்கலாம். நேற்று வந்த ஆண் கொத்தனார் ஆகிவிடுவான். சித்தாள் கடைசிவரை சித்தாள்தான். கள்ளக்குறிச்சியில் எத்தனையோ மாடிகளின் கல் அம்மாவின் தலைமேல்தான் ஏறியிருக்கிறது. ஒரு கல்லைக்கூட அவள் சுவரில் வைத்ததில்லை.

இப்போது வைத்தாள்.

கீழ்க்கல்லின் நடுவில் மேல்கல்லின் முனை. ஒரு கண்ணை மூடிக் கோடு பார்த்தாள். கட்டைவிரலால் ஓர் அழுத்து. பிறகு புத்தகத்தில் விரல் வைத்து, படத்திலிருந்த குமிழ்களை எண்ணி, பக்கத்தைத் திருப்பினாள்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பஸ் நம்பர் படிப்பாள், அவ்வளவுதான். அந்தப் புத்தகத்தில் முதல் பக்கம் தாண்டினால் எழுத்தே இல்லை, எல்லாம் எண்ணும் படமும்தான் என்பதை நான் இன்றுதான் கவனித்தேன்.

அம்மா புத்தகம் படித்து இதற்கு முன் நான் பார்த்ததில்லை.

சுவர் இரண்டாம் மாடிக்கு ஏறியிருந்தது. பால்கனிக்கு மேலே வளைவு. எந்த இடத்திலும் கோணல் இல்லை. ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திப் பக்க எண்ணைப் பார்த்தேன்.

131.

மழை தூற ஆரம்பித்தது. எனக்கு நகரத் தோன்றவில்லை.

ஏழரைக்கு அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். "யக்கா, வாணி வர்ற நேரமாச்சி."

அம்மா ஒரு நிமிடம் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு மேலிருந்து கழற்றத் தொடங்கினாள். வளைவு, பால்கனி, சுவர். இருவரும் டப்பா டப்பாவாகப் பிரித்துப் போட்டார்கள். அவசரத்தில் ஒரு வெள்ளை ஜன்னல், கதவுகளின் டப்பாவில் விழுந்தது. இருவரும் கவனிக்கவில்லை.

தரைத்தளத்தில், காலையில் நான் விட்ட அதே கல்லில் அம்மாவின் கை நின்றது. புத்தகத்தை 84-ஆம் பக்கத்துக்குத் திருப்பி வைத்தாள்.

நான் தெருமுனை டீக்கடைக்குப் போய் நின்றுவிட்டு, எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன்.

"வந்ததும் வராததுமா கல்லுகிட்ட போய் குந்தாத. சோறு துன்னு" என்றாள் அம்மா.

நோட்டில் பதினொரு தவறுகளையும் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

நாளை: சரத்குமாரை வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை, வகுப்பு கிடையாது. அம்மாவிடம் உண்டு என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் எட்டு மணிவரை பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.