பலகைக்குக் கொஞ்சம் மண்

வசிஷ்ட் பலகையில் பசையைத் தடவத் தடவ, பின்னாலேயே தமிழரசன் மண்ணைத் தூவிக்கொண்டு வந்தான்.

பக்கத்தில் பொம்மைகள் காய்ந்துகொண்டிருந்தன. கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ஈயப் பொம்மைகள். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின இத்தாலிச் சண்டையாம். ஈட்டிக்காரர்கள், துப்பாக்கிக்காரர்கள், தொப்பியில் சிவப்பு இறகு செருகிய குதிரைக்காரன் ஒருவன். எல்லாரும் ஒரு வயலுக்குள் புகுந்து வருகிறார்கள். எதிரில் ஒரு விவசாயி இரண்டு கையையும் விரித்து மறிக்கிறான்.

"இவன் எந்தப் பக்கத்து ஆளு சார்?" என்று வண்ணம் தீட்ட ஆரம்பித்த அன்றே தமிழரசன் கேட்டான்.

"எந்தப் பக்கமும் இல்ல. சண்டை அவன் வயல்ல நடக்கறது, அவ்வளவுதான்."

வசிஷ்டுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. இந்தப் பொம்மைகளை மேஜையில் நிறுத்திச் சண்டை விளையாட அங்கே ஒரு கூட்டமே இருக்கிறதாம். தாராசுரத்துப் பூர்வீக வீட்டுக்கு வந்தவன் பெட்டியைத் திறந்து, "நீதான் தஞ்சாவூர்ப் பட்டறைல பொம்மைக்குக் கண் எழுதறவனாச்சே, பண்ணிக் குடேன் தமிழ்" என்றான்.

கூலி பேசவில்லை. தமிழரசனும் கேட்கவில்லை.

கேட்க வேண்டியது வேறு. வசிஷ்ட் வீட்டு நிலத்தைத் தாத்தா காலத்திலிருந்து குத்தகைக்கு உழுவது தமிழரசன் குடும்பம். காகிதம் கிடையாது, வாய்ச்சொல்தான். அந்தச் சொல்லைக் கொடுத்த பெரியவர் தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி அவர் மகன் வசிஷ்ட் வாயிலிருந்து வர வேண்டும்.

தாத்தா இந்த வீட்டு ஆட்களைச் சாமி என்றார். அப்பா ஐயா என்றார். தமிழரசன் சார் என்கிறான். குடும்பம் அவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது.

"மேட்டூரத் தொறக்கப் போறான். குறுவைக்கு நாம உண்டா இல்லையான்னு கேட்டீங்களா, இல்ல இன்னைக்கும் குதிரைக்கு வாலு தீட்டிட்டு வந்தீங்களா?" மனைவி கலைமகள் சோற்றைப் போட்டுக்கொண்டே தினமும் கேட்பாள்.

வேலை முடியட்டும், அந்த ஆள் மனசு குளிரட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தான்.

இன்று காலை வசிஷ்டே வாயைத் திறந்தான். பலகைக்கு மண் வேண்டுமாம். கடையில் விற்கிற பொடி வேண்டாமாம். "நம்ம வயல் மண்ணே கொண்டா."

நம்ம வயல்.

தமிழரசன் வண்டியை விரட்டினான். மோட்டார் கொட்டகைப் பக்கம் வெடித்துக் கிடந்த கட்டியைப் பெயர்த்து வந்து வீட்டில் போட்டான். கலைமகளும் உட்கார்ந்து கசக்கினாள். "நம்ம வயலுன்னா சொன்னாரு? அவரு வாயாலயா?" திரும்பத் திரும்பக் கேட்டாள். ரொம்ப நாளைக்கப்புறம் அவள் சிரித்தாள்.

அந்த மண்தான் இப்போது பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அதில் ஒரு நெல் கிடந்தது. ஈட்டிக்காரன் தொடை நீளத்துக்கு இருந்தது.

வசிஷ்ட் முகத்தைச் சுளித்தான். "அளவுக்குப் பொருந்தலையே" என்று இடுக்கியால் கிள்ளியெடுத்துத் தரையில் சுண்டினான்.

பிறகு படைகளை வரிசையாக ஊன்றினான். ஈட்டிக்காரர்கள் இறங்கினார்கள், துப்பாக்கிக்காரர்கள் இறங்கினார்கள். குதிரை நட்டநடுவில் நின்றது. எட்டி நின்று பார்த்தவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஷெல்ஃப்ல இதுவாவது இருக்கட்டும் தமிழ். அப்பா மண்ணாச்சே. வியாழக்கிழமை கிரயம் முடிஞ்சுதுன்னா நம்முதுன்னு சொல்லிக்க இதான் மிச்சம். மனை போடறவங்க இப்பவே கல் ஊனணும்னு நிக்கறாங்க. உங்கிட்ட சொன்னேனோல்லியோ?"

சொல்லவில்லை.

"அந்த விவசாயி ஒருத்தன்தான் பாக்கி. அவனை நீயே வை. அங்க இல்ல, இன்னும் கொஞ்சம் ஓரமா. குதிரை வர எடம் வேணும்."

தமிழரசன் ஓரமாக வைத்தான்.

"பசை இறுகற வரைக்கும் கையை எடுக்காதே. சாஞ்சுடுவான்."

கைவிரித்து நின்றவனின் இடுப்பை இரண்டு விரலால் பிடித்தபடி தமிழரசன் குனிந்தே நின்றான்.