தையலைப் பிரித்த ஜோக்

"சார், அம்மாவைச் சிரிக்க மட்டும் வெச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டு, நர்ஸ் திரையை இழுத்து மூடிக்கொண்டு போனாள்.

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் பயபக்தியோடு தலையாட்டினார்.

கட்டிலில் மனைவி மல்லாந்து படுத்திருந்தாள். வயிற்றைச் சுற்றி அகலமான பட்டை. அதன் அடியிலிருந்து இரண்டு குழாய்கள் வெளியே வந்து தொங்கின.

அவருடைய நகைச்சுவை உணர்வை யாரும் இதுவரை இவ்வளவு மதித்துப் பேசியதில்லை. கடையில் அவர் ஜோக்குக்குச் சிரிக்கிறவர்கள் எல்லோரும் மூக்கில் சோதனைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுந்து ஓட வழியில்லாமல் உட்கார்ந்திருப்பவர்கள். வீட்டில் அந்த வசதியும் கிடையாது.

ஒரே ஒரு முறை ஒரு ஜோக் எடுபட்டது. எடுபட்டதோடு நிற்காமல் மனைவியின் வயிற்றுத் தையலையும் பிரித்துவிட்டது.

அவளுக்கு எப்போதோ செய்த ஆபரேஷனின் தழும்பு வழியாகக் குடல் பிதுங்கிக்கொண்டு வந்திருந்தது. போன வருடம் உள்ளே தள்ளி, தாங்கிப் பிடிக்கச் செயற்கை வலை வைத்துத் தைத்தார்கள். வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளிலேயே மறுபடியும் பிதுங்கியது, முன்னைவிடப் பெரிதாக.

கனமாக எதையாவது தூக்கினீர்களா என்று டாக்டர் கேட்டார். அவள் கொஞ்சமும் யோசிக்காமல் புருஷனைக் கை காட்டினாள்.

"இவர் ஒரு ஜோக் சொன்னார் டாக்டர். சிரிச்சேன். உள்ள ஏதோ விட்ட மாதிரி இருந்துச்சு."

எந்த ஜோக் என்று கண்ணாடிக் கடைக்காரர் கேட்கவில்லை. தொலைந்த கண்ணாடியைத் தேடுவதற்காகப் புதுக் கண்ணாடி வாங்க வந்த ஆளைப் பற்றிய ஜோக்காகத்தான் இருக்க வேண்டும். அதை அவர் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் தலை குனிந்துகொண்டார்.

வருத்தம்தான். உண்மையான வருத்தம். ஆனால் அந்த வருத்தத்துக்கு அடியில் கடுகளவு பெருமையும் இருந்தது. பெண்டாட்டி வயிறு கிழிந்து கிடக்கிறது, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். வெளியே மூச்சு விடக்கூடாது என்று முடிவு செய்து, அக்கா, மச்சினன், எதிர்க்கடைக்காரர் ஆகியோரோடு நிறுத்திக்கொண்டார்.

இந்த முறை பெரிய ஆபரேஷன். வயிற்றுத் தசையை அடுக்கடுக்காகப் பிரித்து, இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவுக்கு இழுத்துச் சேர்த்து, அதற்குப் பின்னால் பெரிய வலையாக வைத்துத் தைத்திருந்தார்கள். இதுவும் விட்டுப்போனால் இழுத்து மூடுவதற்குத் தசை மிச்சம் இருக்காது என்றார் டாக்டர். அதைச் சொல்லும்போது அவர் நோயாளியைப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்து, அவளை நல்லபடியாகத் திருப்பிக் கொடுத்தால் போதும், இனி வாயைத் திறப்பதில்லை என்று வேண்டிக்கொண்டார். அப்போது அவருக்கு எந்தப் பெருமையும் இல்லை.

எனவே இன்று காலையிலிருந்து மௌனம்.

திரைக்கு அந்தப் பக்கத்து நோயாளி, "எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது" என்று நர்ஸிடம் புலம்பிய கையோடு குறட்டை விட ஆரம்பித்தார். கண்ணாடிக் கடைக்காரருக்குத் தொண்டை வரைக்கும் ஒரு ஜோக் வந்துவிட்டது. தண்ணீரைக் குடித்து உள்ளே இறக்கினார்.

உங்கள் முகத்தைப் பார்த்தாலே சிரிப்பு வருகிறது என்று கடையில் யாரோ ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. எதற்கு வம்பு என்று நாற்காலியையும் ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"ஏங்க."

அவர் திரும்பாமல் "ம்" என்றார்.

"டாக்டர் உங்ககிட்ட தனியா ஏதாவது சொன்னாரா?"

"இல்லையே."

"மறைக்காதீங்க. நீங்க பேசாம இருக்கீங்கன்னா எனக்கு என்னமோ ஆயிடுச்சு." அவள் குரல் உடைந்தது.

அவர் பதறித் திரும்பினார். கண்களில் நீரோடு அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணும் இல்ல. தையல்... நான் வாயத் திறந்து, நீ பழையபடி சிரிச்சு..."

அவள் கையை நீட்டி அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நான் சிரிக்கவே இல்லைங்க. சுவர் ஒழுகுது, பீரோவை நகர்த்திக் குடுங்கன்னு உங்ககிட்ட கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். அப்புறம் நானே தள்ளிட்டேன்."

கண்ணாடிக் கடைக்காரர் திறந்த வாயை மூடவில்லை. ஆயுளில் அவர் சொன்னவற்றில் எடுபட்ட ஒரே ஜோக் ஒரு இரும்பு பீரோ.

"அப்ப டாக்டர்கிட்ட ஏன் அப்படிச் சொன்னே?"

"பீரோன்னா உங்களைத்தானே திட்டுவாரு. அதான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்." அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். "அதைப் போய் அவரு நம்புவாருன்னு நான் நினைக்கவே இல்லைங்க."