பன்னிரண்டு வோல்ட் சமாதானம்

"படகுல டிவி ஓடணும், அண்ணாத்த. கரண்டு இல்ல, பேட்டரிதான் கீது," என்றாள் வரலட்சுமி.

டிவி மெக்கானிக் கஜேந்திரன் நிமிர்ந்தான். "பன்னெண்டு வோல்ட் டிவி இருக்குது. இன்வெர்ட்டரே வேணாம், நேரா பேட்டரில குடுத்துடலாம். ஆனா, நடுக்கடல்ல சிக்னல் கெடைக்காதே?"

"நடுக்கடல்ல இன்னாத்துக்கு? சாயங்காலம் வூட்டுக்கு எதுர்லதான் படக ஏத்தி வெக்கிறோம். எங்க வூட்டுக்காரரு அங்க குந்திகினு பாக்கட்டும்."

"வூட்ல டிவி இல்லியா?"

"கீது. அதான் பேஜாரு! மேட்ச் சீசன் வந்துட்டா ரிமோட்டுக்கு டெய்லி சண்டை."

கஜேந்திரன் பெருமூச்சு விட்டான். "அண்ணன் குடுத்து வெச்சவரு. எம் பொண்டாட்டி சீரியல் போட்டா, நான் ஸ்கோரு கூட கேக்க முடியாது."

வரலட்சுமி சிரித்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை, கடப்பாக்கம் கரையில் நின்ற படகில் டிவியைப் பொருத்தி, பிளஸ், மைனஸ் பார்த்து வயரை மாட்டினான் கஜேந்திரன். படம் பளிச்சென்று வந்தது. வரலட்சுமியின் கணவன் தேசிங்கு ரிமோட்டைப் பறித்துக்கொண்டான்.

"டாஸ் போட்டிருப்பாங்கண்ணே, சீக்கிரம் வைங்க," என்று கஜேந்திரனும் வசதியாக உட்கார்ந்தான்.

திரையில் கல்யாண மேடை. மணப்பெண் விம்மினாள். தேசிங்கு துண்டால் கண்ணைத் துடைத்தான்.

அப்போது எதிர் வீட்டிலிருந்து வரலட்சுமியின் குரல் கூரையைப் பிய்த்தது: "சிக்ஸரு!"

தேசிங்கு திரும்பாமலே கத்தினான்: "மெதுவா கூவுடி! இங்க தாலி கட்டுறான்!"